வாசகர் கேள்வி–பதில்: பேட்ச் ஒரு பக்கம், கிட் ஒரு பக்கம்

லினக்ஸ் பேக்கேஜ்களைத் தாங்களே திருத்திக் கட்டிக்கொள்கிறவர்கள் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்திலிருந்து அனுப்பிய கேள்விகளை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொண்டோம். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்பின்படி தமிழில் அச்சிட்டிருக்கிறோம். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடிக்கவும்; பெரிய எழுத்து என்று சொல்லியிருக்கும் இடங்களில் மட்டும் பெரிய எழுத்து.

கே: எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் எல்லாக் கணினியிலும் டெபியன் லினக்ஸ்தான். லாகின் திரை காட்டும் மென்பொருளில் சில மாற்றங்கள் தேவைப்பட்டன. சோர்ஸ் பேக்கேஜை (மூல நிரல் தொகுப்பை) கிட்டில் (மாற்றங்களின் வரலாற்றைப் பதிந்துவைக்கும் கருவியில்) போட்டு, சி கோப்புகளை நேரடியாகத் திருத்தி கமிட் செய்தோம் (பதிந்தோம்). பில்டு கொடுத்தால் ‘எதிர்பாராத அப்ஸ்ட்ரீம் மாற்றங்கள்’ என்று சொல்லி நின்றுவிடுகிறது. எல்லாமே கிட்டில் பதிவாகியிருக்கும்போது ஏன் இந்தத் தகராறு?
— ஆய்வகப் பொறுப்பாளர், காட்பாடி

ப: தகராறு செய்வது டிபிகேஜி-சோர்ஸ், அதாவது டெபியனில் சோர்ஸ் பேக்கேஜைக் கட்டும் கருவி. கிட் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. டெபியன் ஃபோல்டருக்குள் சோர்ஸ்/ஃபார்மட் என்ற கோப்பைத் திறந்து பாருங்கள், ‘3.0 (குவில்ட்)’ என்றிருக்கும். குவில்ட் என்பது பேட்ச்களை (மாறிய வரிகளை மட்டும் கொண்ட கோப்புகளை) வரிசையாக அடுக்கி நிர்வகிக்கும் கருவி. இந்த வடிவத்தில் சோர்ஸ் பேக்கேஜ் என்பது மூன்று கோப்புகள்: மூல ஆசிரியர்கள் (இவர்களைத்தான் அப்ஸ்ட்ரீம் என்கிறோம்) வெளியிட்ட ஆரிஜ் டார் கோப்பு, டெபியன் ஃபோல்டரை மட்டும் கொண்ட இன்னொரு டார் கோப்பு, இரண்டின் செக்சம்மும் (சரிபார்ப்பு எண்ணும்) அடங்கிய டிஎஸ்சி கோப்பு. டெபியன் ஃபோல்டருக்கு வெளியே நீங்கள் தொட்டதெல்லாம் டெபியன்/பேட்சஸ் உள்ளே பேட்சாக இருந்தாக வேண்டும். அங்கே சீரிஸ் என்ற கோப்பில் எந்த பேட்ச் முதலில், எது அடுத்து என்று வரிசை இருக்கும். பில்டின்போது ஆரிஜ் டாரை அவிழ்த்து, சீரிஸ் வரிசைப்படி பேட்ச்களைப் போட்டு, வந்ததை உங்கள் ஃபோல்டரோடு ஒப்பிடுகிறது. ஒரு வரி கூடுதலாக இருந்தாலும் நின்றுவிடும். அது நிற்பது நல்லதுதான். நிற்காவிட்டால் யார், எதற்காக மாற்றினார்கள் என்ற விவரமில்லாத ஒரு பேக்கேஜ் எல்லாக் கணினிக்கும் போய்ச் சேரும்.

அவசரத்துக்கு ஒரு வழி உண்டு. ‘டிபிகேஜி-சோர்ஸ் --கமிட்’ என்று கொடுத்தால், மிச்சமிருக்கும் வித்தியாசம் அத்தனையையும் ஒரே பேட்சாகச் சுருட்டி, பெயர் கேட்டு, சீரிஸில் சேர்த்துவிடும். ஒரே ஒரு சின்ன மாற்றம் என்றால் இது போதும். உங்களுடையது பல கமிட். லோகோ, மொழிப் பட்டியல், கடவுச்சொல் பெட்டி எல்லாம் ஒரே பேட்சில் கலந்துவிட்டால், அடுத்த வெளியீட்டில் அதில் ஒன்று மட்டும் பொருந்தாதபோது பிரித்தெடுக்கத் திண்டாட வேண்டியிருக்கும்.

சரியான வழி ஜிபிபி பிக்யூ: பேட்ச்களை கிட் கமிட்களாகவும், கமிட்களைத் திரும்ப பேட்ச்களாகவும் மாற்றித் தரும் கருவி. கிட்-பில்டுபேக்கேஜ் என்ற பேக்கேஜை நிறுவினால் கூடவே வரும். முதலில் உங்கள் பேக்கேஜ் பிராஞ்சில் (கிட்டில் தனித்து ஓடும் கிளையில்) சோர்ஸை மூல நிலைக்குக் கொண்டுவாருங்கள். அதற்கு முன் இப்போதைய நிலைக்கு ஒரு டேக் (பெயர்க்குறி) போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ‘கிட் செக்அவுட்’ கொடுத்து, அப்ஸ்ட்ரீம் டேகின் பெயர், இரண்டு ஹைபன், ஒரு புள்ளி. டெபியன் ஃபோல்டர் அப்படியே இருக்கும், மற்றவை மூல வடிவத்துக்குத் திரும்பும். நீங்கள் புதிதாகச் சேர்த்த கோப்பு இருந்தால் அதைக் கையால் நீக்குங்கள். இதை ஒரு கமிட்டாக்குங்கள். அடுத்து ‘ஜிபிபி பிக்யூ இம்போர்ட்’. இது பேட்ச்-க்யூ என்று தொடங்கும் புது பிராஞ்சை உண்டாக்கி, ஏற்கெனவே உள்ள பேட்ச் ஒவ்வொன்றையும் ஒரு கமிட்டாக மாற்றி அங்கே கொண்டுபோய் நிறுத்தும். அந்த பிராஞ்சில் உங்கள் பழைய கமிட்களை ஒவ்வொன்றாக ‘செர்ரி-பிக்’ செய்யுங்கள் (எடுத்து இங்கே போடுங்கள்). ஒரே கமிட்டில் சோர்ஸையும் டெபியன் ஃபோல்டரையும் சேர்த்துத் தொட்டிருந்தால் ‘-என்’ போட்டு எடுத்து, டெபியன் பகுதியை விலக்கிவிட்டு கமிட் செய்ய வேண்டும். கடைசியில் ‘ஜிபிபி பிக்யூ எக்ஸ்போர்ட்’. அது பேக்கேஜ் பிராஞ்சுக்குத் திரும்பி வந்து, ஒரு கமிட்டுக்கு ஒரு பேட்ச் கோப்பு என்று எழுதி, சீரிஸையும் நிரப்பிவிடும். கமிட்டின் முதல் வரிதான் கோப்பின் பெயராகும். ஆகவே ‘ஃபிக்ஸ்’, ‘ஃபிக்ஸ்2’ என்று கமிட் எழுதும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள்.

இனிமேல் எதைத் திருத்தினாலும் பேட்ச்-க்யூ பிராஞ்சில் திருத்தி எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அந்த பிராஞ்சை சர்வருக்கு அனுப்பத் தேவையில்லை. அது தற்காலிகம், எப்போது வேண்டுமானாலும் பேட்ச் கோப்புகளிலிருந்து மறுபடி உண்டாக்கலாம். மூலப் பிரதி என்பது டெபியன்/பேட்சஸ் மட்டுமே. ஒருவர் குவில்ட்டில் பேட்சைத் திருத்த, இன்னொருவர் பழைய பேட்ச்-க்யூ பிராஞ்சிலிருந்து எக்ஸ்போர்ட் செய்தால், முதல் ஆளின் வேலை சத்தமில்லாமல் அழிந்துபோகும். எக்ஸ்போர்ட் முடிந்ததும் ‘ஜிபிபி பிக்யூ டிராப்’ கொடுத்து பிராஞ்சை நீக்கிவிடுகிற பழக்கம் இருந்தால் இந்த விபத்தே வராது.

கே: லேபிள் அச்சடிக்கும் பிரிண்டரின் டிரைவரில் காகித அகலத்தை மாற்ற வேண்டியிருந்தது. குவில்ட்டில் புது பேட்ச் தொடங்கி, கோப்பைத் திருத்தி, ரிஃப்ரெஷ் கொடுத்தேன். பேட்ச் காலியாக இருக்கிறது என்கிறது. கோப்பில் என் திருத்தம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது.
— தோல் தொழிற்சாலை கணினிப் பிரிவு ஊழியர், ராணிப்பேட்டை

ப: ‘குவில்ட் ஆட்’ விட்டுப்போயிருக்கிறது. குவில்ட் எல்லாக் கோப்பையும் கவனிப்பதில்லை. ஆட் கொடுத்த நொடியில் அந்தக் கோப்பின் ஒரு நகலை .பிசி ஃபோல்டரில் எடுத்து வைக்கும். ரிஃப்ரெஷ் செய்யும்போது அந்த நகலுக்கும் இப்போதைய கோப்புக்கும் உள்ள வித்தியாசம்தான் பேட்ச். திருத்திய பிறகு ஆட் கொடுத்தால், திருத்திய கோப்பையே மூலமென்று நகலெடுத்துக்கொள்ளும். அப்போதும் காலிதான்.

மீட்பது எளிது. திருத்திய கோப்பை வேறு இடத்துக்கு நகலெடுங்கள். வேறு கமிட் ஆகாத வேலை எதுவும் இல்லை என்று ‘கிட் ஸ்டேட்டஸ்’ பார்த்து உறுதி செய்தபின், .பிசி ஃபோல்டரை அழித்து, ‘கிட் செக்அவுட்’ மூலம் சோர்ஸைப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். பேட்ச்கள் புதிதாக உண்டாக்கிய கோப்புகள் கிடந்தால் அவற்றையும் நீக்குங்கள். ‘குவில்ட் புஷ் -ஏ’, ‘குவில்ட் நியூ’, ‘குவில்ட் ஆட்’, அதன் பிறகு நகலைத் திரும்ப வையுங்கள், ‘குவில்ட் ரிஃப்ரெஷ்’. அடுத்த முறை முதல் ‘குவில்ட் எடிட்’ என்றே கொடுங்கள். ஆட் செய்துவிட்டு எடிட்டரைத் திறக்கும், மறக்க வழியில்லை.

இன்னொன்று: திருத்தம் எப்போதும் மேலே இருக்கும் பேட்சுக்குத்தான் போகும். வேலை தொடங்குமுன் ‘குவில்ட் டாப்’ அடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பிரிண்டர் திருத்தம் எழுத்துரு பேட்சுக்குள் போய் உட்கார்ந்துகொள்வது இப்படித்தான். குவில்ட் பேட்ச்களைத் தேடும் இடம் பேட்சஸ் என்ற ஃபோல்டர்; டெபியனில் அது டெபியன்/பேட்சஸ். உங்கள் ஹோமில் .குவில்ட்ஆர்சி கோப்பில் குவில்ட்_பேட்சஸ் (பெரிய எழுத்தில்) என்ற மாறியை அதற்கு அமைத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியதில்லை.

கே: பில்டு பாதியில் நின்றது. அதன்பின் ‘கிட் ஸ்டேட்டஸ்’ கொடுத்தால் நான் தொடாத கோப்புகளெல்லாம் மாறியதாகக் காட்டுகிறது. எல்லாவற்றையும் கமிட் செய்துவிடலாமா?
— மாணவர், பாகாயம்

ப: கூடாது. பில்டு தொடங்கும்போது பேட்ச்கள் போடப்பட்டன, முடிந்திருந்தால் தானாகக் கழற்றப்பட்டிருக்கும். பாதியில் நின்றதால் போட்டது போட்டபடி இருக்கிறது. இதை கமிட் செய்தால் ஒரே மாற்றம் சோர்ஸிலும் இருக்கும், பேட்சிலும் இருக்கும். அடுத்த பில்டில் ‘தலைகீழான அல்லது ஏற்கெனவே போடப்பட்ட பேட்ச்’ என்று வரும். ‘குவில்ட் பாப் -ஏ’ கொடுங்கள், சுத்தமாகிவிடும். .பிசி ஃபோல்டரை .கிட்இக்னோரில் சேர்க்காதீர்கள், .கிட்இக்னோர் அப்ஸ்ட்ரீம் கோப்பாக இருக்கலாம், அதைத் தொட்டால் அதுவும் ஒரு மாற்றம். .கிட்/இன்ஃபோ/எக்ஸ்க்ளூட் கோப்பில் எழுதுங்கள்.

கே: எங்களிடம் ஒரு பேக்கேஜில் 11 பேட்ச் இருக்கிறது. புது வெளியீடு வந்ததும் 4 பேட்ச் பொருந்தவில்லை. அதில் ஒன்றைக் கையால் ‘பேட்ச்’ கட்டளை கொடுத்தால் ஏற்றுக்கொள்கிறது, டிபிகேஜி-சோர்ஸ் மட்டும் மறுக்கிறது. எது சொல்வதை நம்புவது? வரிசையாக எப்படிச் செய்வது?
— வாசகர், ஆற்காடு

ப: மறுக்கிறவரை நம்புங்கள். பேட்ச் கோப்பில் மாறும் வரிகளுக்கு மேலும் கீழும் மூன்று மூன்று வரி சூழல் இருக்கும். அந்தச் சூழல் வரிகள் சரியாக ஒத்துவராதபோது, ஓரத்து வரிகளை விட்டுவிட்டுப் பொருத்திப் பார்ப்பதற்கு ஃபஸ் என்று பெயர். ‘பேட்ச்’ கட்டளை கேட்காமலேயே ஃபஸ் 2 வரை போகும். டிபிகேஜி-சோர்ஸ் ஃபஸ்ஸை ஒப்புக்கொள்ளாது. ‘சும்மா ஒரு கமென்ட் மாறியிருக்கும்’ என்று நினைப்போம்; பல சமயம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் சூழல் வரி மாறியிருக்கிறது என்றால் அந்த இடத்தில் யாரோ வேலை செய்திருக்கிறார்கள் என்றுதான் பொருள். ஒரு முறை கண்ணால் பார்த்து, ரிஃப்ரெஷ் செய்துவிட்டால் முடிந்தது.

ஃபஸ்ஸைவிட மோசமானது ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. அது ஆஃப்செட். சூழல் அப்படியே ஒத்துப்போகிறது, வரி எண் மட்டும் நகர்ந்திருக்கிறது என்றால், எல்லாக் கருவிகளும், டிபிகேஜி-சோர்ஸ் உட்பட, ஏற்றுக்கொள்ளும். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் சி கோப்புகளில் பிழை சோதனைகள் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும்: மைனஸ் ஒன்றைத் திருப்பி அனுப்பும் ஒரு வரி, மூடும் அடைப்பு, ஒரு காலி வரி. திறக்கும் செயல்கூறிலும் இதே மூன்று, மூடும் செயல்கூறிலும் இதே மூன்று. புது வெளியீட்டில் மேலே 40 வரி சேர்ந்துவிட்டால், திறக்கும் இடத்துக்கான உங்கள் வரி மூடும் இடத்தில் போய் விழலாம். கம்பைல் ஆகும், எச்சரிக்கை வராது. இப்படி ஒரே மாதிரி வரிகள் உள்ள கோப்புகளுக்குச் சூழலை அதிகமாக்குங்கள்: ‘குவில்ட் ரிஃப்ரெஷ் -யூ 8’ (யூ பெரிய எழுத்தில்) என்றால் மேலும் கீழும் எட்டெட்டு வரி. பேட்ச் பெரிதாகும், அடிக்கடி மோதவும் செய்யும். தவறான இடத்தில் விழுவதற்கு அது எவ்வளவோ மேல்.

இனி வரிசை. புது வெளியீட்டை இறக்கும் முன்பே ‘ஜிபிபி பிக்யூ இம்போர்ட்’ கொடுங்கள். பேட்ச்கள் பழைய சோர்ஸில்தான் பொருந்தும் என்பதால் இந்த முன்–பின் முக்கியம். முதலில் டாரை இறக்கிவிட்டவர்கள் ‘--டைம்-மெஷின்=10’ சேர்த்தால், முந்தைய கமிட்களில் பின்னோக்கிப் போய் பேட்ச்கள் பொருந்தும் இடத்தைத் தேடும். அடுத்து ‘ஜிபிபி பிக்யூ ஸ்விட்ச்’ கொடுத்து பேக்கேஜ் பிராஞ்சுக்குத் திரும்பி, ‘ஜிபிபி இம்போர்ட்-ஆரிஜ் --யூஸ்கேன்’. பிறகு ‘ஜிபிபி பிக்யூ ரீபேஸ்’; இது பேட்ச் கமிட்களைப் புதிய சோர்ஸின் மேல் ஒவ்வொன்றாக மறுபடி போடும். இப்போது மோதல்கள் கிட்டின் வழக்கமான மோதல்களாக வரும், பொருந்தாத துண்டுகள் அடங்கிய .ரெஜ் கோப்பைப் பார்த்துக் கையால் ஒட்ட வேண்டியதில்லை. மூன்று தரப்பையும் வைத்துப் பார்ப்பதால், வெறும் இடநகர்வால் பொருந்தாமல் போனவை பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும்.

மோதலில் நின்றால் முதல் கேள்வி: இந்தத் திருத்தத்தை அப்ஸ்ட்ரீமே எடுத்துக்கொண்டுவிட்டதா? ‘கிட் லாக் -எஸ்’ (எஸ் பெரிய எழுத்தில்) கொடுத்து, உங்கள் பேட்சில் உள்ள ஒரு தனித்த சொல்லைத் தேடுங்கள். எடுத்துக்கொண்டிருந்தால் ‘கிட் ரீபேஸ் --ஸ்கிப்’. ஒரு பேட்ச் குறைந்தது. எடுத்துக்கொள்ளவில்லை, ஆனால் அந்தச் செயல்கூறையே பிரித்து வேறு கோப்புக்கு மாற்றியிருக்கிறார்கள் என்றால், பழைய பேட்சை ஒட்டப் பார்க்காதீர்கள்; அதன் தலைப்பில் எழுதியிருக்கும் காரணத்தைப் படித்துப் புதிதாக எழுதுங்கள். காரணம் எழுதப்படவில்லை என்றால், அந்த பேட்ச் இன்னும் தேவையா என்று யாருக்கும் தெரியாது. பல பேக்கேஜ்களில் இப்படி அநாதையாகக் கிடக்கும் பேட்ச்கள்தான் பாதி நேரத்தைத் தின்கின்றன.

ஒரே மோதலைத் திரும்பத் திரும்பத் தீர்க்காமலிருக்க கிட் கான்ஃபிகில் ரீரீரி.எனேபிள்ட் என்பதை ட்ரூ ஆக்கிவையுங்கள்; தீர்த்த விதத்தை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறை அதுவே போடும். கடைசியாக ‘கிட் ரேஞ்ச்-டிஃப்’. பழைய பேட்ச் வரிசையையும் புதிய வரிசையையும் ஜோடி ஜோடியாக வைத்து, எதில் என்ன மாறியது என்று காட்டும். அது காட்டும் வித்தியாசங்களை எல்லாம் பார்த்த பிறகு எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.

கே: ஒரு மென்பொருளின் தமிழ் மொழிபெயர்ப்பில் 20 சொற்கள்போல எங்களுக்கு வேறு மாதிரி வேண்டும். டிஏ.பிஓ கோப்புக்கு (தமிழ் மொழிபெயர்ப்புகள் உள்ள கோப்புக்கு) பேட்ச் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு வெளியீட்டிலும் அது உடைகிறது. ஒரு முறை வரிகள் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தும் பொருந்தவில்லை.
— மொழிபெயர்ப்பு ஆர்வலர், குடியாத்தம்

ப: பிஓ கோப்பு பேட்சுக்குத் தோதானதே அல்ல. ஒவ்வொரு சொற்றொடருக்கு மேலேயும் எந்த சி கோப்பில் எத்தனையாவது வரி என்ற குறிப்பு இருக்கிறது. சோர்ஸில் எங்கோ ஒரு வரி சேர்ந்தால் நூற்றுக்கணக்கான குறிப்புகள் மாறும். தலைப்பில் உள்ள தேதி வெளியீடுதோறும் மாறும். நீண்ட வாக்கியங்கள் மடியும் இடம்கூட மாறும். உங்கள் 20 சொல் எதுவும் மாறாமலேயே சூழல் முழுதும் மாறிவிடுகிறது.

பேட்சைத் தூக்கிவிட்டு இப்படிச் செய்யுங்கள். டெபியன் ஃபோல்டருக்குள் உங்கள் 20 சொற்களை மட்டும் கொண்ட ஒரு சின்ன பிஓ கோப்பு வையுங்கள். பில்டின் படிகளைக் கொண்ட டெபியன்/ரூல்ஸ் கோப்பில் இன்ஸ்டால் கட்டம் முடிந்த இடத்தில் ‘எம்எஸ்ஜிகேட் --யூஸ்-ஃபர்ஸ்ட்’ கொடுத்து, முதலில் உங்கள் கோப்பு, இரண்டாவதாக அப்ஸ்ட்ரீமின் டிஏ.பிஓ. இரண்டிலும் இருக்கும் சொற்றொடருக்கு முதல் கோப்பில் உள்ளதே எடுத்துக்கொள்ளப்படும். வந்ததை ‘எம்எஸ்ஜிஎஃப்எம்டி’ மூலம் எம்ஓ கோப்பாக்கி (மென்பொருள் படிக்கும் வடிவமாக்கி), நிறுவப்படும் இடத்தில் உள்ள எம்ஓ கோப்பின் மேல் எழுதுங்கள். பில்டுக்குத் தேவையானவை பட்டியலில் இந்தக் கருவிகள் அடங்கிய கெட்டெக்ஸ்ட்டைச் சேர்க்க மறக்காதீர்கள். இரண்டு இடத்தில் கால் இடறும். ஒன்று, பிஓ தலைப்பும் ஒரு சொற்றொடராகவே கணக்கு. முதல் கோப்பின் தலைப்புதான் நிற்கும். ஆகவே உங்கள் சின்னக் கோப்பின் தலைப்பில் யூடிஎஃப்-8 என்பதும், ஒருமை பன்மைக்கு இரண்டு வடிவம் என்ற வரியும் சரியாக இருக்க வேண்டும். இரண்டு, கலந்ததை அப்ஸ்ட்ரீமின் பிஓ ஃபோல்டரிலேயே எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதினால் அது சோர்ஸ் மாற்றமாகிவிடும். காட்பாடி வாசகருக்கு வந்த அதே பிழை உங்களுக்கும் வரும்.

எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தும் பொருந்தாதது தமிழுக்கே உரிய சிக்கல். யூனிகோடில் ‘கொ’ என்பதை இரண்டு விதமாக எழுதலாம்: க-வுக்குப் பின் ஒகரக் குறி என்ற ஒற்றைக் குறியீடு, அல்லது க-வுக்குப் பின் ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுதான். யூடிஎஃப்-8-இல் முதலாவதில் குறிக்கு 3 பைட், இரண்டாவதில் 6 பைட். பேட்ச் கட்டளை பைட்டைத்தான் ஒப்பிடும். ‘கோ’, ‘கௌ’ இரண்டுக்கும் இதே கதை. விசைப்பலகை மென்பொருளைப் பொறுத்து இது மாறும். ஒருவர் தட்டிய வரியை இன்னொருவர் வேறு விசைப்பலகையில் மறுபடி தட்டினால் பொருந்தாது. சந்தேகம் வந்தால் இரு கோப்பிலும் அந்த வரியை மட்டும் எடுத்து ‘டபிள்யூசி -சி’ கொடுத்துப் பைட்களை எண்ணுங்கள். ஐசியூ-டெவ்டூல்ஸ் பேக்கேஜில் உள்ள ‘யூகான்வ் -எக்ஸ் எனி-என்எஃப்சி’ உங்கள் கோப்பை ஒற்றைக் குறியீட்டு வடிவத்துக்கு மாற்றித் தரும். அப்ஸ்ட்ரீம் கோப்பை முழுசாக அப்படி மாற்றி பேட்ச் எடுக்க வேண்டாம், பாதிக் கோப்பு மாறியதாக வரும்.

நல்ல மொழிபெயர்ப்பு என்றால் அப்ஸ்ட்ரீமுக்கே அனுப்புங்கள். 20 சொல்லில் 15-ஐ அவர்கள் ஏற்றுக்கொண்டால் உங்கள் சின்னக் கோப்பில் 5 தான் மிச்சம்.

கே: ஒரே ஒரு பேட்சைத் தொட்டேன். ஆனால் கிட் டிஃப்பில் எல்லா பேட்சும் மாறியிருக்கின்றன. மறுஆய்வு செய்கிறவர் திட்டுகிறார்.
— வாசகர், ஆரணி

ப: திட்டுவது நியாயம்தான். ‘கிட் ஃபார்மட்-பேட்ச்’ எழுதும் கோப்பில் திருத்தத்தோடு சம்பந்தமில்லாத நான்கு விஷயம் இருக்கிறது: முதல் வரியில் கமிட் ஹேஷ் (கமிட்டின் அடையாளக் குறியீடு), தலைப்பில் ‘11-இல் 3’ என்பது போன்ற எண், இன்டெக்ஸ் வரியில் சுருக்கப்பட்ட ஹேஷ்கள், கடைசியில் கிட்டின் பதிப்பு எண். வேறு கணினியில் வேறு பதிப்பு கிட் இருந்தாலே போதும், எல்லாக் கோப்பும் மாறும். முறையே ‘--ஜீரோ-கமிட்’, ‘--நோ-நம்பர்ட்’, ‘--ஃபுல்-இன்டெக்ஸ்’, ‘--நோ-சிக்னேச்சர்’ சேர்த்தால் சத்தம் அடங்கும். குவில்ட் பயன்படுத்துகிறவர்கள் .குவில்ட்ஆர்சியில் ரிஃப்ரெஷுக்கான விருப்பங்களாக ‘-பி ஏபி --நோ-டைம்ஸ்டாம்ப்ஸ் --நோ-இன்டெக்ஸ்’ என்று எழுதிவையுங்கள். ஒரே பேக்கேஜில் ஒருவர் குவில்ட்டும் ஒருவர் ஜிபிபியும் பயன்படுத்தினால் எதைச் செய்தாலும் சத்தம் ஓயாது, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

கே: பேக்கேஜ் எங்களுக்குள் மட்டும்தான் ஓடுகிறது. பேட்ச் தலைப்பில் விவரமெல்லாம் எழுத வேண்டுமா?
— வாசகர், வாலாஜாபேட்டை

ப: வெளியே போகாத பேட்சுக்குத்தான் அது இன்னும் அவசியம், கேட்டுத் தெரிந்துகொள்ள வேறு இடமே இல்லை. டெபியனின் டெப்-3 பரிந்துரையில் பல புலங்கள் உண்டு. நான்கு போதும்: டிஸ்கிரிப்ஷன், ஆத்தர், ஃபார்வர்டட், லாஸ்ட்-அப்டேட். டிஸ்கிரிப்ஷனில் ‘என்ன மாற்றினோம்’ என்று எழுதாதீர்கள், அது பேட்சைப் பார்த்தாலே தெரியும். ‘இந்த மாற்றம் இல்லாவிட்டால் என்ன ஆகும், எப்போது இதை நீக்கலாம்’ என்று எழுதுங்கள். அப்ஸ்ட்ரீமுக்கு அனுப்பியிருந்தால் ஃபார்வர்டட் புலத்தில் அதன் இணைய முகவரி. அனுப்பத் தேவையே இல்லை என்றால் ‘நாட்-நீடட்’. இன்னும் அனுப்பவில்லை என்றால் ‘நோ’. அப்ஸ்ட்ரீமிலிருந்தே எடுத்த திருத்தம் என்றால் ஆரிஜின் புலத்தில் அந்த கமிட்டின் முழு ஹேஷ். ஆறு மாதம் கழித்து ‘நோ’ என்று இருப்பவற்றை மட்டும் தேடி எடுத்தால், செய்ய வேண்டிய வேலையின் பட்டியல் கையில் இருக்கும்.

கே: நாங்கள் திருத்திய பேக்கேஜை நிறுவினால், அடுத்த அப்கிரேடில் டெபியனுடையது வந்து மேலே உட்கார்ந்துவிடுகிறது. ‘ஹோல்ட்’ (அப்கிரேடு ஆகாமல் நிறுத்திவைப்பது) போட்டுவிடலாமா?
— கணினிப் பராமரிப்பாளர், சத்துவாச்சாரி

ப: ஹோல்ட் போட்டால் பாதுகாப்புத் திருத்தங்களும் வராது. பதிப்பு எண்ணில் ஒரு வால் சேர்ப்பதே முறை. ‘டிசிஹெச் --லோக்கல்’ கொடுத்து வாலின் பெயரைச் சொன்னால், 1.4-2 என்பது 1.4-2+வேலூர்1 ஆகும். 1.4-2-ஐவிட இது பெரிது, 1.4-3-ஐவிடச் சிறிது.

இங்கேதான் ஒரு வேடிக்கை. டெபியன் 12-க்கான பாதுகாப்புத் திருத்தம் 1.4-2+டெப்12யூ1 என்ற வடிவில் வரும். பதிப்புகளை ஒப்பிடும்போது எழுத்துகள் ஆங்கில அகரவரிசையில் பார்க்கப்படும். வேலூரின் முதல் எழுத்து வி, டெப்புக்கு டி. வி பின்னால் வருவதால் உங்கள் பேக்கேஜ்தான் ‘புதியது’ என்று ஆகிவிடும். பாதுகாப்புத் திருத்தம் வந்தும் வராத மாதிரிதான். ஆற்காடு என்று வால் வைத்தால் ஏ-யில் தொடங்கும், பாதுகாப்புத் திருத்தம் மேலே வரும். அப்போது உங்கள் மாற்றம் போய்விடும், அதைப் பார்த்ததும் புதிய பதிப்பின்மேல் பேட்ச்களை மறுபடி போட்டுக் கட்டுங்கள். லோகோ மாற்றம் ஒரு நாள் இல்லாமலிருப்பதால் ஒன்றும் குடி முழுகாது. ஓட்டையுள்ள லாகின் திரை அப்படியல்ல. ஒரு எச்சரிக்கை: களஞ்சியத்தில் ஏற்கெனவே 1.4-2+பி1 என்று மறுகம்பைல் செய்த பதிப்பு இருந்தால் ஆற்காடு அதற்குக் கீழே போய்விடும். ‘ஆப்ட் பாலிசி’ பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ‘டிபிகேஜி --கம்பேர்-வெர்ஷன்ஸ்’ கொடுத்தும் முன்கூட்டியே சரிபார்க்கலாம்.

கே: ஃபெடோரா லினக்ஸில் இதற்கெல்லாம் என்ன வழி?
— வாசகர், திருப்பத்தூர்

ப: பேக்கேஜைக் கட்டும் குறிப்புகள் உள்ள ஸ்பெக் கோப்பில் பேட்ச்1, பேட்ச்2 என்று பெயர்களை எழுதி, பிரெப் பகுதியில் ‘%ஆட்டோசெட்டப் -பி1’ ஒரே வரி. ஃபெடோராவின் பேக்கேஜ் கருவியான ஆர்பிஎம்மிலும் ஃபஸ்ஸுக்கு இயல்பான அளவு பூஜ்யம். பேட்ச்கள் பொருந்துகின்றனவா என்று மட்டும் பார்க்க ‘ஆர்பிஎம்பில்டு -பிபி’. முழு பில்டு தேவையில்லை. ‘%ஆட்டோசெட்டப் -எஸ் கிட்’ (எஸ் பெரிய எழுத்தில்) என்று எழுதினால், அவிழ்த்த சோர்ஸை ஒரு கிட் களஞ்சியமாக்கி, ஒவ்வொரு பேட்சையும் ஒரு கமிட்டாகப் போட்டுத் தரும். அங்கேயே திருத்தி ‘ஃபார்மட்-பேட்ச்’ எடுத்துக்கொள்ளலாம்.

கே: ஓபன்டபிள்யூஆர்டியில் (ரூட்டர்களுக்கான லினக்ஸில்) ஒரு பேக்கேஜுக்கு குவில்ட்டில் பேட்ச் எழுதினேன். ‘கிளீன்’ கொடுத்ததும் காணாமல் போய்விட்டது.
— மாணவர், ஆம்பூர்

ப: நீங்கள் வேலை செய்தது பில்டு_டிர் உள்ளே. அது தற்காலிக இடம். ‘மேக் பேக்கேஜ்’, சாய்கோடு, பேக்கேஜ் பெயர், சாய்கோடு, ‘கிளீன்’; பிறகு அதேபோல ‘பிரிபேர்’, கூடவே பெரிய எழுத்தில் ‘குவில்ட்=1’. உள்ளே போய் ‘குவில்ட் புஷ் -ஏ’, புது பேட்ச், எடிட், ரிஃப்ரெஷ். அதன்பின் மேல் ஃபோல்டருக்குத் திரும்பி, அதே பாதையில் ‘அப்டேட்’ கொடுத்தால்தான் பேட்ச் பேக்கேஜின் சொந்த பேட்சஸ் ஃபோல்டருக்கு நகலாகும். நீங்கள் விட்டது அந்தக் கடைசிப் படி.

கே: பேட்சில் ஒவ்வொரு துண்டும் தோற்கிறது. வரிகள் ஒன்றுதான், எழுத்துக் குறியீடும் ஆங்கிலம்தான்.
— வாசகர், அணைக்கட்டு

ப: பிழைச் செய்தியின் ஓரத்தில் ‘வேறுபட்ட வரி முடிவுகள்’ என்று இருக்கிறதா பாருங்கள். அப்ஸ்ட்ரீம் கோப்பு விண்டோஸ் வரி முடிவில் இருக்கிறது, உங்கள் பேட்ச் லினக்ஸ் வரி முடிவில் இருக்கிறது, அல்லது மாறாக. எடிட்டரோ, கிட்டின் ஆட்டோசிஆர்எல்எஃப் அமைப்போ மாற்றியிருக்கும். அந்த அமைப்பை அணைத்துவிட்டு, மூல டாரிலிருந்து கோப்பை எடுத்து பேட்சைப் புதிதாக உண்டாக்குங்கள். மின்னஞ்சல் வடிவ பேட்சைப் போடும் ‘கிட் ஆம்’ பயன்படுத்தினால் ‘--கீப்-சிஆர்’ சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் வரி முடிவின் குறியை அது வெட்டிவிடும்.

கே: கல்லூரி லோகோவின் பிஎன்ஜி படத்தையும், ஒரு ஸ்கிரிப்டின் இயக்க அனுமதியையும் பேட்சில் வைக்க முடியவில்லை.
— உதவியாளர், காட்பாடி

ப: இரண்டுமே முடியாது. படத்தை டெபியன் ஃபோல்டருக்குள் வைத்து, அதன் பாதையை டெபியன்/சோர்ஸ்/இன்க்ளூட்-பைனரிஸ் கோப்பில் ஒரு வரியாக எழுதுங்கள். ரூல்ஸில் இன்ஸ்டால் கட்டத்துக்குப் பின் மூலப் படத்தின் மேல் நகலெடுங்கள். அனுமதிக்கு அதே இடத்தில் ‘சிஹெச்மாட் 755’, நிறுவப்பட்ட கோப்பின் மேல்.